நேர்மையை அளக்கும் கேள்வித்தாள்: வேலை தேடுவோரின் உரிமைகளும் நிறுவனங்களின் வரம்புகளும்

சென்னையை அடுத்த மாங்காட்டிலிருந்து தினமும் வேலைக்குப் போய்வரக்கூடிய தொலைவுக்குள் அம்பத்தூர் தொழிற்பேட்டை, திருமுடிவாக்கம் சிட்கோ, ஆவடியின் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலைகள், இருங்காட்டுக்கோட்டை மற்றும் ஸ்ரீபெரும்புதூர் சிப்காட் வளாகங்கள் ஆகியவை அமைந்திருப்பதால், ஐ.டி.ஐ., டிப்ளமோ, பட்டப்படிப்பு முடித்த இப்பகுதி இளைஞர்கள் ஏதேனும் ஒரு நிறுவனத்தின் ஆளெடுப்பில் பங்கேற்பது ஆண்டு முழுவதும் நடக்கும் ஒன்றாகிவிட்டது. எழுத்துத் தேர்வு, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை என்ற பழகிய படிகளோடு, விண்ணப்பதாரர் வேலைக்கு வந்தபின் திருடுவாரா, பொய்க்கணக்கு எழுதுவாரா, விதிகளை மீறுவாரா என்பதை முன்கூட்டியே கணிப்பதாகக் கூறும் கேள்வித்தாள் ஒன்றும் சில நிறுவனங்களில் சேர்ந்துகொள்கிறது. ‘இன்டெக்ரிட்டி டெஸ்ட்’ என்றும், பொதுப்பெயராக ‘சைக்கோமெட்ரிக் டெஸ்ட்’ என்றும் ஆளெடுப்போர் வழங்கும் இந்த நேர்மைத் தேர்வு எப்படி இயங்குகிறது, அதன் முடிவை எந்த அளவுக்கு நம்பலாம், அதை எழுதுபவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு எது, பாதிக்கப்பட்டால் எங்கே முறையிடலாம் என்பவற்றை வேலை தேடுவோரும் அவர்களுடைய பெற்றோரும் அறிந்திருப்பது அவசியம்.

தேர்வின் இரு வகைகள்

நேர்மைத் தேர்வுகளை ஆய்வாளர்கள் இரண்டாகப் பிரிக்கின்றனர். முதல் வகை வெளிப்படையானது. திருட்டு, லஞ்சம், பொய் ஆகியவற்றைப் பற்றி விண்ணப்பதாரரிடம் நேரடியாகவே கேட்பது. ‘கடையில் வேலை செய்பவர்கள் சிறு பொருள்களை வீட்டுக்கு எடுத்துச் செல்வது எங்கும் நடப்பதுதான் என்ற கருத்தை ஏற்கிறீர்களா?’, ‘முன்பு வேலை பார்த்த இடத்தில் அனுமதியின்றி எடுத்த பொருள்களின் மொத்த மதிப்பு எவ்வளவு இருக்கும்?’ என்பன போன்ற கேள்விகள் இவ்வகையில் இடம்பெறும். இரண்டாம் வகை மறைமுகமானது. அதில் திருட்டு என்ற சொல்லே வராது. பொறுப்புணர்வு, அவசரபுத்தி, அதிகாரத்தோடு ஒத்துப்போகும் தன்மை, சாகச விருப்பம் போன்ற ஆளுமைக் கூறுகளைப் பற்றிய கூற்றுகளைக் கொடுத்து, ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ என்பதில் தொடங்கி ‘முற்றிலும் மறுக்கிறேன்’ என்பது வரையுள்ள ஐந்து தெரிவுகளில் ஒன்றைக் குறிக்கச் சொல்லி, விடைகளைக் கூட்டி மதிப்பெண்ணாக்குவதே அதன் முறை.

இரு வகையிலும் இடம்பெறக்கூடிய ‘பொய் அளவுகோல்’ என்ற ஏற்பாடு தனியே கவனிக்கத் தக்கது. ‘என் வாழ்நாளில் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை’ என்பது போன்ற கூற்றுகளை ஆங்காங்கே கலந்துவைத்து, அவற்றுக்கு ‘ஆம்’ என்று விடையளிப்பவர் தம்மை நல்லவராகக் காட்டிக்கொள்ள முயல்கிறார் என்று முடிவுசெய்து, மற்ற விடைகளின் மீதும் ஐயம் கொள்வது இந்த ஏற்பாட்டின் நோக்கம். தவறு செய்ததை ஒப்புக்கொண்டால் ஒரு புறம் மதிப்பெண் குறையும், எதையுமே ஒப்புக்கொள்ளாவிட்டால் மறுபுறம் ஐயம் எழும் என்ற இந்த இடுக்கில், கட்டுப்பாடாக வளர்க்கப்பட்டு, கேள்வியைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளும் இளைஞரே முதலில் சிக்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு. கேள்வித்தாள் ஆங்கிலத்தில் மட்டும் இருந்து, அதிலும் ‘விதிகளை மீறாமல் இருப்பது எப்போதும் தேவையில்லை என்பதை நான் ஏற்பதில்லை’ என்பது போன்று மறுப்புக்குள் மறுப்பு வைத்த கூற்றுகள் நிறைந்திருந்தால், தமிழ்வழியில் படித்தவரின் மதிப்பெண்ணில் அவருடைய நேர்மை எவ்வளவு, ஆங்கிலப் பயிற்சி எவ்வளவு என்பதைப் பிரித்தறிய வழியே இல்லாமல் போகும்.

பொய் கண்டறியும் கருவியிலிருந்து தாள் தேர்வுக்கு

இத்தேர்வுகளின் பிறப்பிடம் அமெரிக்கா. சிகாகோவில் பொய் கண்டறியும் கருவியைக் கொண்டு விசாரணைகள் நடத்திவந்த ஜான் ரீட் என்பவர், 1940களின் பிற்பகுதியில், கருவி இல்லாமலேயே நேர்மையைக் கணிக்கும் நோக்கில் உருவாக்கிய கேள்வித்தாள் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஆயினும் தாள் தேர்வுகளுக்குப் பெரும் சந்தையை உண்டாக்கியது ஒரு சட்டம். நாடித்துடிப்பு, மூச்சு, வியர்வை ஆகியவற்றின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் அந்தப் பொய் கண்டறியும் கருவியைத் தனியார் நிறுவனங்கள் ஆளெடுப்பில் பயன்படுத்துவதை, ஒருசில விலக்குகள் தவிர, அமெரிக்கா 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தடைசெய்தது. அச்சட்டம் எழுத்துத் தேர்வுகளைத் தொடவில்லை. கருவி கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டதும், அதே வேலையைச் செய்வதாகக் கூறிய கேள்வித்தாள்களின் பக்கம் நிறுவனங்கள் திரும்பின.

இதையொட்டி அமெரிக்க நாடாளுமன்றத்தின் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் நேர்மைத் தேர்வுகளை ஆராய்ந்து, 1990 செப்டம்பரில் ஓர் அறிக்கையை வெளியிட்டது. இத்தேர்வுகள் நேர்மையற்ற நடத்தையை முன்னறிவிக்கின்றன என்ற கூற்றைத் தெளிவாக உறுதிப்படுத்தவோ தெளிவாகத் தள்ளிவிடவோ அதுவரை நடந்த ஆய்வுகள் போதுமானவை அல்ல என்பதே அவ்வறிக்கையின் சாரம். நீதிமன்றங்களும் இதில் தலையிட்டன. டார்கெட் என்னும் கடைத்தொடர் தன் கடைகளின் காவல் பணிக்கு விண்ணப்பித்தோரிடம் மத நம்பிக்கை, பாலுணர்வு ஆகியவை பற்றிய கேள்விகள் அடங்கிய உளவியல் தேர்வை நடத்தியதை எதிர்த்த வழக்கில், வேலைக்குத் தொடர்பில்லாத அந்தரங்கக் கேள்விகள் தனியுரிமையை மீறுவன என்ற வாதத்துக்குக் கலிஃபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991இல் செவிசாய்த்தது. பின்னர் அவ்வழக்கு சமரசத்தில் முடிந்தது.

மதிப்பெண்ணை எவ்வளவு நம்பலாம்?

நேர்மைத் தேர்வுகளுக்கு ஆதரவான மிகப் பெரிய ஆய்வு 1993இல் வெளிவந்தது. டெனிஸ் ஒனஸ், சொக்கலிங்கம் விஸ்வேஸ்வரன், ஃபிராங்க் ஷ்மிட் ஆகிய மூவரும், ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைக் கொண்ட ஆய்வுகளைத் தொகுத்து, மேலாளர்கள் மதிப்பிடும் பணித்திறனோடு இத்தேர்வுகளுக்குள்ள தொடர்பை 0.41 என்று கணித்தனர். இத்தகைய தொடர்பெண்ணில் பூச்சியம் என்பது தொடர்பே இல்லாமையையும், ஒன்று என்பது முழுப் பொருத்தத்தையும் குறிக்கும். 2012இல் சாட் வான் இடெகிங்கே தலைமையிலான குழு, தொழில்முறைத் தரத்துக்கு உட்பட்ட ஆய்வுகளை மட்டும் தேர்ந்து மறுபடி கணக்கிட்டபோது, பணித்திறனோடுள்ள தொடர்பு 0.15 அளவுக்குக் குறைந்தது. தேர்வை விற்கும் நிறுவனங்களே நடத்திய ஆய்வுகளில் எண் உயர்ந்தும், மற்றவர்கள் நடத்தியவற்றில் தாழ்ந்தும் இருந்ததையும் அக்குழு சுட்டிக்காட்டியது. தொடர்பு முற்றிலும் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. பெருங்கூட்டத்தில் சராசரியாகத் தென்படும் அந்தத் தொடர்பு, கூட்டத்திலுள்ள ஒருவரைக் குறித்துத் தீர்ப்புச் சொல்லப் போதுமா என்பதே கேள்வி.

இதை ஒரு கற்பனைக் கணக்கின் மூலம் எளிதாக விளங்கிக்கொள்ளலாம். ஆயிரம் பேர் ஒரு கிடங்கு வேலைக்கு விண்ணப்பிக்கிறார்கள் என்றும், அவர்களில் 50 பேர் பின்னாளில் உண்மையிலேயே பொருளைத் திருடக்கூடியவர்கள் என்றும், தேர்வு அந்த 50 பேரில் 70 விழுக்காட்டினரைச் சரியாக இனங்காணும் என்றும், நேர்மையான 950 பேரில் 20 விழுக்காட்டினரைத் தவறாக ஐயத்துக்குரியோர் பட்டியலில் சேர்த்துவிடும் என்றும் வைத்துக்கொண்டால், திருடக்கூடிய 35 பேரும் திருடாத 190 பேரும் ஒன்றாகத் தள்ளப்படுவார்கள். தேர்வில் தோற்ற 225 பேரில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கினர் எந்தத் தவறும் செய்யாதவர்கள். சல்லடையின் கண்ணை மேலும் நெருக்கினால் கல்லோடு அரிசியும் மேலேயே தங்கிவிடுவதைப் போல, தேர்ச்சி மதிப்பெண்ணை உயர்த்த உயர்த்த நேர்மையாளர்கள் தள்ளப்படும் எண்ணிக்கையும் உயரும். நிறுவனத்துக்கு இதனால் பெரிய நட்டம் இல்லை. ஒரு இடத்துக்கு இருபது பேர் காத்திருக்கும் ஊரில் 190 நல்லவர்களை இழந்தாலும் இருக்கைகள் நிரம்பிவிடும். நட்டம் முழுவதும் அந்த 190 பேரைச் சேர்ந்தது. தாம் ஏன் தள்ளப்பட்டோம் என்பதுகூட அவர்களுக்குத் தெரியப்போவதில்லை.

எல்லாத் தேர்வுகளையும் ஒரே தட்டில் வைக்கலாகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ரயில் ஓட்டுநர் பணிக்கு ரயில்வே நடத்தும் உளவியல் தேர்வு கவனம், நினைவாற்றல், விரைந்து செயல்படும் திறன் ஆகியவற்றை அளக்கிறது; அவை வேலையோடு நேரடித் தொடர்புடையவை, செய்துகாட்டி மெய்ப்பிக்கக்கூடியவை. தனியார் பாதுகாப்பு முகமைகளை ஒழுங்குபடுத்தும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், செக்யூரிட்டி வேலைக்கு எடுக்கப்படுபவரின் குணநலன், முன்வரலாறு ஆகியவற்றைச் சரிபார்க்கச் சொல்கிறது. அது நடந்துமுடிந்த உண்மைகளை ஆவணங்களின் வழியே உறுதிசெய்வது. நேர்மைத் தேர்வோ இன்னும் நடக்காத ஒன்றை, விண்ணப்பதாரர் சொல்லும் கருத்துகளிலிருந்து ஊகிக்கிறது. ஊகத்துக்கு ஆவணத்தின் மதிப்பைக் கொடுப்பதில்தான் அநீதி தொடங்குகிறது.

கேள்விக்கும் ஒரு வரம்பு உண்டு: நீரா மாத்தூர் வழக்கு

நேர்மைத் தேர்வை ஒழுங்குபடுத்தவென்று தனிச்சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. ஆனால், வேலை தருபவர் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், விண்ணப்பதாரர் சொன்ன விடை பொய்யானால் அவரை அனுப்பிவிடலாம் என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 1991ஆம் ஆண்டிலேயே எதிர்கொண்டிருக்கிறது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் உதவியாளர் பணிக்குத் தேர்வான நீரா மாத்தூர் என்பவர், பணியில் சேருமுன் நிரப்பித் தர வேண்டியிருந்த உறுதிமொழிப் படிவத்தில் மாதவிடாய் கடைசியாக எப்போது வந்தது, சுழற்சி ஒழுங்காக உள்ளதா, எத்தனை முறை கருவுற்றார் என்பன போன்ற விவரங்கள் கேட்கப்பட்டிருந்தன. தகுதிகாண் பருவத்தில் மகப்பேறு விடுப்பில் சென்ற அவர் 1990 பிப்ரவரியில் பணிநீக்கம் செய்யப்பட்டார். படிவத்தில் அவர் தவறான தகவல் கொடுத்து உண்மையை மறைத்தார் என்பதே கழகம் சொன்ன காரணம்.

கழகத்தின் மருத்துவரே அவரைப் பரிசோதித்துத் தகுதியானவர் என்று சான்றளித்திருந்ததை எடுத்துக்காட்டிய உச்ச நீதிமன்றம், உண்மையான கோளாறு அந்தப் படிவத்தின் தன்மையிலேயே இருக்கிறது என்றும், ஒரு பெண்ணின் தன்மானத்தைப் புண்படுத்தும் இத்தகைய விவரங்களைக் கேட்கத் தேவையில்லை என்றும் கூறி, 1991 அக்டோபர் 31 அன்று அவரை மீண்டும் பணியமர்த்தவும், அந்தக் கேள்விகளைப் படிவத்திலிருந்து நீக்கவும் ஆணையிட்டது. பொய் சொல்ல இத்தீர்ப்பு யாருக்கும் உரிமம் தரவில்லை. விடையின் உண்மையை ஆராயுமுன் கேள்வியின் நியாயத்தை ஆராய வேண்டும் என்ற ஒழுங்கைத்தான் அது நிலைநாட்டியது. ஆளெடுப்புக் கேள்வித்தாள் எதையும் அளந்துபார்க்க இன்றும் பொருந்தும் முதல் அளவுகோல் இதுதான்.

மனத்துக்குள் நுழையும் உரிமை யாருக்கு?

செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010 மே 5 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஒருவரின் விருப்பத்துக்கு மாறாகப் பொய் கண்டறியும் சோதனை, உண்மை அறியும் மருந்து செலுத்திய விசாரணை, மூளைச் செயல் பதிவு ஆகியவற்றை நடத்துவது தனிமனித சுதந்திரத்தை மீறுவது என்றும், தனக்கெதிராகவே சான்று சொல்லுமாறு கட்டாயப்படுத்தப்படாத உரிமைக்கு முரணானது என்றும் முடிவுசெய்தது. அத்தீர்ப்பு எழுந்த களம் குற்ற விசாரணை. ஆயினும் மனத்தளவிலான தனிமையும் பாதுகாக்கத் தக்கது என்ற அதன் அடிப்படை ஆளெடுப்புக்கும் வழிகாட்டக்கூடியது. தனியுரிமை அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் அறிவித்தது. அரசியலமைப்பின் 19, 21ஆம் பிரிவுகளின் உரிமைகளை அரசு அல்லாதோருக்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்று 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் பெரும்பான்மை நீதிபதிகள் கூறியுள்ளனர். தனியார் நிறுவனம் வேலை தர மறுத்ததற்காக இவற்றைக் கொண்டு உடனே வென்றுவிடலாம் என்று எண்ணக் கூடாது என்றாலும், பொய் கண்டறியும் கருவியின் முன் உட்காரச் சொல்லும் நிறுவனத்திடம் ‘விருப்பமில்லை’ என்று சொல்வதற்கு விண்ணப்பதாரருக்கு உறுதியான அடிப்படை இருக்கிறது.

இவை பொதுவான கொள்கைகள். குறிப்பிட்ட தடைகளும் சில உண்டு. எச்.ஐ.வி. பரிசோதனையை வேலைக்கான முன்நிபந்தனையாக்குவதை 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது. ஆளெடுப்பில் திருநர்களை வேறுபடுத்துவதை 2019ஆம் ஆண்டுத் திருநர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. மனநோயைக் குறிப்பிடப்பட்ட மாற்றுத்திறன்களுள் ஒன்றாகச் சேர்த்துள்ள 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வகுத்து வெளியிட வேண்டும் என்கிறது. ஆளுமைத் தேர்வு என்ற பெயரில் மனச்சோர்வு, பதற்றம், தற்கொலை எண்ணம் ஆகியவற்றைத் துருவும் கேள்விகள் வந்தால், அது நேர்மையை அளப்பதை விட்டுவிட்டு மருத்துவ விவரத்தைச் சேகரிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

ஸ்ரீபெரும்புதூர் காட்டிய பாடம்

ஆளெடுப்பின் வடிகட்டல் எப்போதும் கேள்வித்தாளில் எழுதப்பட்டிருப்பதில்லை என்பதற்கு மாங்காட்டின் அண்டையிலேயே சான்று உண்டு. சுங்குவார்சத்திரம் அருகே ஐபோன்களை ஒருங்கிணைக்கும் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில், குடும்பப் பொறுப்புகளைக் காரணம் காட்டி மணமான பெண்கள் தொகுப்புப் பணியிலிருந்து விலக்கப்பட்டதாக ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2024 ஜூன் 25 அன்று செய்தி வெளியிட்டது. நிறுவனம் பாகுபாட்டுக் குற்றச்சாட்டை மறுத்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழகத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்து, மத்திய, மாநில அரசுகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

குற்றச்சாட்டின் மெய்ம்மை எதுவாயினும், அதன் வடிவம் வேலை தேடுவோர் கவனிக்க வேண்டியது. நிறுவனத்துக்கும் விண்ணப்பதாரருக்கும் நடுவே கன்சல்டன்சி எனப்படும் ஆள்சேர்ப்பு முகமைகள் நிற்கும்போது, வாசலில் வாய்மொழியாகக் கேட்கப்படும் ‘கல்யாணம் ஆகிவிட்டதா?’ என்ற ஒரு கேள்வியே வடிகட்டியாகிவிடலாம். அதற்குத் தாளும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. ஆளெடுப்பில் பெண்களைப் பாகுபடுத்துவதை 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தின் 5ஆம் பிரிவு தடுத்திருந்தது; 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு 3ஆம் பிரிவில் அதே தடையைத் தொடர்கிறது. ‘நிலையாக வேலையில் இருப்பாரா’ என்பதை அளப்பதாகச் சொல்லும் தேர்வொன்றில் திருமணத் திட்டம், குழந்தை, மாமியார் வீடு ஆகியவை பற்றிய கேள்விகள் இருந்தால், அது நேர்மைத் தேர்வின் உடையில் வரும் பாலினப் பாகுபாடாகவே கருதப்பட வேண்டும்.

அரசு வேலையில் நிலைமை வேறு

ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை போன்ற அரசுடைமை நிறுவனங்களையும் அரசுத் துறைகளையும் அரசியலமைப்பின் 14, 16ஆம் பிரிவுகள் நேரடியாகக் கட்டுப்படுத்துகின்றன; அறிவிக்கையில் சொல்லப்படாத தேர்வொன்றை நடுவில் புகுத்தி ஒருவரை நீக்கினால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு மூலம் கேள்வி எழுப்பலாம். தம் மதிப்பெண்ணைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டால் 30 நாட்களுக்குள் விடை வர வேண்டும்.

அரசுப் பணியில் நேர்மையைச் சோதிக்கும் உண்மையான இடம் முன்வரலாற்றுச் சரிபார்ப்புப் படிவம். வழக்கு எதிலும் சேர்க்கப்பட்டதுண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதிவிட்டுப் பின்னர் மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். அவதார் சிங் வழக்கில் 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதற்கான நெறிகளை வகுத்தபோது, கேட்கப்பட்ட தகவலை உண்மையாகத் தர வேண்டும் என்பதை உறுதிசெய்ததோடு, இளவயதில் முழக்கமிட்டது போன்ற அற்பமான நிகழ்வை மறைத்ததற்காக ஒருவரை இயந்திரத்தனமாக நீக்காமல், பணியின் தன்மையையும் சூழலையும் எடைபோட வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. தெருச் சண்டை வழக்கொன்றில் விடுதலையானவர் அதை மறைப்பதைவிட, எழுதிவிட்டுத் தீர்ப்பு நகலை இணைப்பதே பாதுகாப்பானது.

விடைகள் எங்கே போகின்றன?

தேர்வு முடிந்த பின்னும் தொடரும் ஆபத்து தரவுகளில் இருக்கிறது. கைபேசியில் வரும் லிங்க்கைத் திறந்து, பொடி எழுத்தில் உள்ள நிபந்தனைகளைப் படிக்காமலே ‘ஐ அக்ரீ’ என்ற கட்டத்தைத் தொட்டு எழுதும் தேர்வில், விண்ணப்பதாரர் தம்மைப் பற்றித் தந்த ஒப்புதல் வாக்குமூலங்கள் தேர்வை நடத்தும் நிறுவனம், கன்சல்டன்சி, வேலை தரும் நிறுவனம் ஆகிய மூன்றிடத்திலும் தங்கிவிடக்கூடும். மனநிலை குறித்த விவரங்களை நுண்ணுணர்வுத் தகவல் என்று வகைப்படுத்தும் 2011ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள், அவற்றைச் சேகரிக்க எழுத்துப்பூர்வ ஒப்புதலைக் கேட்கின்றன. குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, ஒரு மாதத்துக்குள் முறையீட்டைத் தீர்க்கவும் சொல்கின்றன.

இதைவிட விரிவானது 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஒப்புதல் என்பது தானாக, குறிப்பான நோக்கத்துக்காக, விவரம் அறிந்து, நிபந்தனையின்றித் தரப்பட வேண்டும் என்றும், அறிவிப்பைத் தமிழ் உட்பட எட்டாவது அட்டவணை மொழிகளில் பெறும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்றும், ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குப் பயன்படும் தரவு முழுமையாகவும் துல்லியமாகவும் இருக்க வேண்டும் என்றும் அது விதிக்கிறது. தரவைப் பார்க்க, திருத்த, அழிக்கக் கோரும் உரிமைகளையும் தருகிறது. இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வரும். வேலைவாய்ப்பு நோக்கத்துக்காகவும், நட்டத்திலிருந்து முதலாளியைக் காப்பதற்காகவும் ஒப்புதல் இன்றியே தரவைப் பயன்படுத்த அச்சட்டத்தின் 7ஆம் பிரிவு இடம் தருகிறது. இன்னும் பணியாளராகாத விண்ணப்பதாரருக்கு அந்த விலக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது வாதத்துக்கு உரியது. முறையான ஒப்புதல் பெறுவதே நிறுவனத்துக்கும் பாதுகாப்பு.

விண்ணப்பதாரர் செய்ய வேண்டியவை

• தேர்வின் பெயர், அதை நடத்தும் நிறுவனம், கால அளவு, மொழி, அதன் முடிவு மட்டுமே வேலையைத் தீர்மானிக்குமா என்பவற்றை முன்னதாகவே மின்னஞ்சலில் கேட்டு, விடையைப் பாதுகாத்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலம் சிரமமானால் தமிழில் எழுதும் வாய்ப்பைக் கோரலாம். மறுக்கப்பட்டாலும் அந்தக் கோரிக்கை ஆவணமாக நிற்கும்.

• தேர்வுக்கென்று கட்டணமோ முன்வைப்புத் தொகையோ கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. உண்மையான நிறுவனம் தேர்வுச் செலவைத் தானே ஏற்கும். பணம் போய்விட்டால் தாமதமின்றி 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

• அசல் சான்றிதழ்களைக் காட்டிவிட்டுத் திரும்பப் பெற வேண்டும். வங்கிக் கணக்கின் ஓ.டி.பி., கடவுச்சொல், சமூக ஊடகக் கணக்கின் நுழைவு விவரம் ஆகியவற்றை எந்தச் சரிபார்ப்புக்கும் தரத் தேவையில்லை.

• கேள்விகளுக்குத் தம் இயல்புப்படி விடையளிப்பதே சரி. யூடியூப் பயிற்சி பார்த்து ‘நல்லவர்’ விடைகளை மனப்பாடம் செய்தால் பொய் அளவுகோலில் சிக்கும் வாய்ப்பே கூடும். செய்யாத தவறை, ஒளிவுமறைவு இல்லாதவராகத் தோன்றுவதற்காக ஒப்புக்கொள்ளவும் கூடாது.

• மதம், சாதி, கட்சி, பாலுறவு, மாதவிடாய், கருத்தரிப்பு, மனநோய் வரலாறு ஆகியவை பற்றிய கேள்வி வந்தால், ‘இது பணிக்குத் தொடர்பில்லாதது’ என்று பணிவாக எழுதலாம். கேள்வியின் வாசகத்தை அன்றே குறித்துக்கொள்ள வேண்டும்.

• தள்ளப்பட்டால், காரணத்தையும் மதிப்பெண்ணையும் கேட்டு, தம் தரவை அழிக்குமாறு குறைதீர் அலுவலருக்கு எழுதலாம். தேர்வு முடிவைக் காட்டி ‘நேர்மையற்றவர்’ என்று வேறு நிறுவனங்களுக்குத் தகவல் பரப்பப்பட்டால், அது அவதூறு வழக்குக்கு இடந்தரும்.

எங்கே முறையிடுவது?

இப்பகுதியின் நிர்வாக எல்லைகள் முறையீட்டாளரை எளிதில் குழப்பக்கூடியவை. மாங்காடு நகராட்சி காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. பூந்தமல்லியும் ஆவடியும் திருவள்ளூர் மாவட்டத்தவை. அம்பத்தூர் 2018 முதல் சென்னை மாவட்டத்துக்குள் வந்துவிட்டது. காவல் துறையைப் பொறுத்தவரை மாங்காடு ஆவடி ஆணையரகத்தைச் சேர்ந்தது. ஆகவே, தொழிலாளர் துறையிடம் எழுதும்போது தம் வீட்டு முகவரியைக் காட்டிலும், ஆளெடுப்பு நடந்த இடமும் நிறுவனம் அமைந்துள்ள இடமும் எந்த மாவட்டம் என்பதைப் பார்த்து, அம்மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். பாலினப் பாகுபாடு இருந்தால் அங்கும் மாநில மகளிர் ஆணையத்திலும், மாற்றுத்திறன் காரணமானால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும், பண மோசடியானால் காவல் நிலையத்திலும் முறையிடலாம்.

ஒரு வரம்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தொழில் தகராறுச் சட்டங்கள் பணியில் சேர்ந்தவரையே தொழிலாளி என்று கருதுவதால், வேலை கிடைக்காத விண்ணப்பதாரர், சட்டம் குறிப்பாகத் தடுத்துள்ள பாகுபாடு எதையும் காட்ட முடியாத நிலையில், தொழிலாளர் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட முடியாது. நேர்மைத் தேர்வில் தவறாகத் தள்ளப்பட்டதற்கு மட்டும் இழப்பீடு பெற்றுத்தரும் எளிய வழி இன்றைய சட்டத்தில் இல்லை. இந்த இடைவெளியிலும் உதவக்கூடியது இலவசச் சட்ட உதவி. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமான வரம்புக்கு உட்பட்டோர் ஆகியோர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ 15100 என்ற எண்ணிலோ ஆலோசனை பெறலாம்.

நிறுவனங்களின் கடமை

பொருள் களவு போவதும் தகவல் கசிவதும் நிறுவனங்களின் உண்மையான கவலைகள்; அவற்றைத் தடுக்க முயல்வதில் குற்றம் இல்லை. ஆனால் இருப்புக் கணக்கை ஒழுங்காக எடுப்பது, இருவர் கையொப்பம் இல்லாமல் பொருள் வெளியேறாதபடி செய்வது, நியாயமான சம்பளத்தை நாள் தவறாமல் தருவது ஆகியவை செய்யும் வேலையை ஒரு கேள்வித்தாள் செய்துவிடாது. தேர்வை வைத்தே ஆக வேண்டும் என்று கருதும் நிறுவனம், அது எதை அளக்கிறது என்பதை விண்ணப்பதாரர் அறிந்த மொழியில் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அத்தேர்வு இந்தியச் சூழலிலும் தமிழ் பேசுவோரிடமும் சோதிக்கப்பட்டதற்கான ஆதாரத்தை விற்பனையாளரிடம் கேட்டு வாங்க வேண்டும். மதிப்பெண்ணை மட்டும் கொண்டு யாரையும் தள்ளாமல், நேர்காணலில் மேலும் கேட்பதற்கான குறிப்பாக மட்டுமே அதைக் கொள்ள வேண்டும். தேர்வாகாதவரின் விடைகளைக் குறித்த காலத்துக்குள் அழிக்க வேண்டும்.

எதை அளக்கிறோம் என்று சொல்லாமல் அளந்து, காரணம் காட்டாமல் தள்ளி, விடைகளை மட்டும் கையில் வைத்துக்கொள்ளும் ஒரு ஆளெடுப்பு முறைக்கு மற்றவரின் நேர்மையைச் சோதிக்கும் தகுதி கிடையாது. வேலை தேடுவோர் இத்தகைய தேர்வு ஒன்றில் தோற்றதைத் தம் குணத்தின் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்க வேண்டியதை எழுத்தில் கேட்டு, கிடைத்த விடையைப் பத்திரப்படுத்தி, உரிமை மீறப்பட்ட இடத்தில் உரிய அலுவலகத்துக்கு எழுதட்டும்.